ஏழுமலையின் வலது காலைத் தேடி

பஸ்ஸில் கால் மரத்துப்போனால் மற்றவர்கள் உதறிக்கொள்வார்கள். நான் குனிந்து செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தொட்டுப் பார்த்து, கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று கவனிப்பேன். திண்டிவனம் பஸ்ஸில் மூன்றாவது தடவையாக இதைச் செய்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"இன்னா தம்பி, தேளு கடிச்சிதா?"

தேள் இல்லை, தொழில். இதய அறுவையின்போது இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையைச் செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். பிறந்தது ஈப்போ, படித்தது கோலாலம்பூர், அந்த வருடம் வேலை மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரியில். எண்பதுகளின் பிற்பகுதி அது. அறுவை முடிந்த பிறகும் நோயாளியை இயந்திரத்தின் மேலேயே நாள் கணக்கில் வைத்திருப்பது எங்களுக்கே புதிது. ஏழுமலையை அப்படித்தான் இரண்டு நாள் வைத்திருந்தோம்.

கிளியனூர் பக்கத்து விவசாயி அவர். வால்வைச் சரிசெய்த பின்னும் இதயம் தானாக ஓட மறுத்தது. வலது தொடையில் குழாய்களைப் போட்டு இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டினோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. தொடையின் ரத்தக்குழாயை விரல் பருமனான குழாய் அடைத்துக்கொண்டால் கீழே இருக்கும் காலுக்கு ரத்தம் போக வழியில்லை. அதற்காக மெல்லிய இன்னொரு குழாயைப் பாதத்தை நோக்கி இறக்கி, காலுக்கென்று தனியாக ரத்தம் விடுவோம். அப்படியும் நம்பிவிட முடியாது. மணிக்கு ஒரு முறை பாதத்தைத் தொட வேண்டும். சூடு, நிறம், நாடி மூன்றையும் பார்த்து எழுத வேண்டும். உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு காலைக் கோட்டை விட்ட கதைகளைக் கோலாலம்பூரில் எங்கள் தலைமை நர்ஸ் சொல்லிச் சொல்லியே எங்களைப் பயமுறுத்தி வளர்த்தார்.

இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு நான் தொடவில்லை. ஆனால் 'சூடு உண்டு, நாடி உண்டு' என்று எழுதினேன். தூக்கமில்லை, பம்பின் சத்தத்தில் காது இருந்தது, இப்படி நூறு காரணம் சொல்லலாம். மூன்று மணிக்குத் தொட்டபோது பாதம் சில்லென்று இருந்தது. போர்வையை விலக்கினால் அந்த மெல்லிய குழாய் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தினேன். அரை மணியில் பாதம் சிவந்தது. மூன்று மணிக் கட்டத்திலும் 'சூடு உண்டு' என்றே எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஏழுமலை பிழைத்தார். தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். நானும் மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து 'மிசின் சார் அவர்களுக்கு' என்று ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. அவர் மனைவி தனகோட்டி சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. வலது கால் மரத்துப் போகிறது, நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, பயப்பட வேண்டாம், ஒத்தடம் கொடுத்து வருகிறோம் என்று இருந்தது. படித்ததும் தலைமை டாக்டரிடம் ஓடினேன். அவர் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்து, "எல்லா மணிக்கும் கால் சூடாகத்தானே இருந்திருக்கிறது?" என்றார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். பதில் கடிதம் போய்ச்சேர மூன்று நாள் ஆகும், நேரில் போய் அழைத்து வாருங்கள், கொண்டுவர முடியாத நிலை என்றால் பக்கத்திலேயே ஒரு சர்ஜனைப் பிடியுங்கள் என்று சொல்லி, ரத்தக் கட்டியை இழுத்து எடுக்கும் பலூன் குழாய் இரண்டும் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி மருந்தும் என் பையில் போட்டு அனுப்பினார். அது வியாழக்கிழமை.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. எங்கள் ஈப்போவில் மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டித் தீர்த்துவிடும். இங்கே பங்குனி மாதத்து வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. அவித்த மல்லாட்டையைப் படி கணக்கில் அளந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நிலக்கடலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. ஒரு பொட்டலம் வாங்கினேன். ஒரு கடலைக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. பயம் வந்தால் எனக்கு முதலில் போவது பசி.

பாண்டிச்சேரி சாலை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஓமந்தூர்க்காரர்கள் இரண்டு பேர் என் பேச்சை வைத்தே வெளியூர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

"எந்த ஊரு சார்?"

"ஈப்போ."

"அது எங்க கீது? திருச்சி தாண்டியா?"

"கடல் தாண்டி" என்றேன். இவ்வளவு தூரம் எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். ஒருவரின் காலைப் பார்க்க என்று சொன்னதும் இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கிளியனூரில் இறங்கி, வரப்பும் வண்டிப்பாதையுமாக நடந்து ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஏழுமலை வீட்டுக் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனகோட்டியையா கேக்குற? அவங்க நேத்தே விழுப்புரம் பூட்டாங்களே. அவ தம்பி வூட்டுக்கு."

"கால் எப்படி இருந்துச்சும்மா?"

"நேத்து காலையில எழுந்து பாத்தா பாதம் வெளுத்துப் போயி கீது. தொட்டா சில்லுனு. பத்து நாளா அவளும் மணல் ஒத்தடம் குடுத்துக்கினு தான் இருந்தா, பாவம். மணலை வறுத்து துணியில கட்டி வைப்பா. 'சுடுதா'ன்னு கேப்பா. 'ஒண்ணும் தெரியல'ம்பாரு அவரு. தெரியலன்னா இன்னும் கொஞ்சம் வறுத்துக்கினு வருவா."

நான் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் ஓடுகிற கால் சூட்டைத் தாங்கும், ரத்தமே அந்தச் சூட்டை வாங்கி மேலே கொண்டுபோய்விடும். ரத்தம் ஓடாத காலில் வைத்த சூடு வைத்த இடத்திலேயே நிற்கும். உணர்ச்சி இல்லாததால் சுடுகிறது என்று அவருக்கும் தெரியாது. தோல் வெந்துபோகும், அந்தப் புண் ஆறவே ஆறாது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

"விழுப்புரத்துல எந்த டாக்டர்கிட்டம்மா?"

"டாக்டர் எதுக்கு? மரத்துப்போன காலுக்கு அங்க எண்ணெய்க்காரரு ஒருத்தரு கீறாரு. வெள்ளிக்கிழமை உச்சிக்குள்ள தான் கை வைப்பாரு, மத்த நாளு தொட மாட்டாரு. அதான் நேத்தே போயி உக்காந்துக்கினு கீறாங்க."

"எண்ணெய் தேய்ப்பாரா?"

"தேய்க்கிறது அப்பால. மொதல்ல மூலிகை எண்ணெயக் காய்ச்சி, தவலையில ஊத்தி, காலை உள்ள வுடச் சொல்லுவாரு. 'போதும்'னு நாம சொல்ற வரைக்கும் சூடு ஏத்துவாரு. நோயாளி வாயால போதும்னு சொன்னாத்தான் நரம்பு முழிச்சுக்கிச்சுனு அர்த்தம்."

போதும் என்று ஏழுமலை சொல்லவே மாட்டார். அந்தக் காலை அடுப்புக்குள்ளேயே வைத்தாலும் அவருக்குத் தெரியாது. எழுந்து திரும்பி ஓடப் பார்த்தேன். கடைசி பஸ் போய்விட்டது, விடிகாலையில்தான் அடுத்தது என்று அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். ருசி நாக்கில் ஏறவில்லை என்றாலும் அந்தக் கைக்காகச் சாப்பிட்டேன். படுத்தவன் கண்ணை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் திண்டிவனம். டீயை ஊதக்கூடப் பொறுமை இல்லாமல் விழுங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸில் ஏறி முன்னால் உட்கார்ந்தேன். உச்சிக்கு இன்னும் நேரம் நிறைய இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கூட்டேரிப்பட்டில் பஸ் ஒரு தரம் குலுங்கி நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே யாரோ இறந்துவிட்டதுபோல் மெதுவாக மூடினார்.

"பேஜாரு பண்ணிடுச்சுங்க. எல்லாரும் இறங்கி டீ சாப்புடுங்க" என்றார் கண்டக்டர்.

மயிலத்துக்குப் போகிற கூட்டம் சந்தோஷமாக இறங்கிவிட்டது. அவர்களுக்கு அங்கேயிருந்து வேறு வண்டி. சாலையோரக் கடைகளில் வடை வாசம். ஈப்போவில் பஸ் நின்றால் அடுத்த பஸ்ஸுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இங்கே சீட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. வருகிற வண்டிகளையெல்லாம் கையைக் காட்டி நிறுத்துகிறார்கள், நின்றால் ஏறிக்கொள்கிறார்கள். நானும் கையை நீட்டினேன். நாலு பஸ் நிற்கவில்லை. என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால். எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. நடுச்சாலையில் இறங்கி நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். மல்லாட்டை மூட்டை ஏற்றிய ஒரு லாரி என் மூக்குக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

"வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்தினார் லாரி டிரைவர்.

விஷயத்தைச் சொன்னதும் கதவைத் திறந்துவிட்டார். விக்கிரவாண்டி தாண்டியது. அப்புறம் கேட்டார்: "எண்ணெயில வுட்டா காலு பூடுமா சார்?"

"வெந்துடும்."

"எங்கப்பாவுக்கு அந்த ஆளுதான் பாத்தாரு. நல்லாத்தான் ஆச்சு."

"உங்கப்பாவுக்கு ரத்தம் ஓடிக்கிட்டு இருந்திருக்கும்."

அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். இடம் தெரிந்த ஆளே கிடைத்துவிட்டார் என்று நிம்மதிப்பட்டேன். ஆனால் விழுப்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாகப் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து குதித்து, அவர் சொன்ன அடையாளங்களை மனப்பாடம் செய்துகொண்டு, குனிந்து கேட்டைத் தாண்டி ஓடினேன். நான் உடம்பு பெருத்த ஆள். ஓடி எத்தனை வருடம் ஆயிற்றோ. என் இதயம் அடித்துக்கொண்ட வேகத்துக்கு என்னையே இயந்திரத்தில் போட்டிருக்கலாம்.

ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம், மரத்தடியில் பெஞ்சுகளில் இருபது பேர். மூன்றாவது ஆளாக ஏழுமலை. அவர் வலது கால் ஒரு செம்புத் தவலையின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்காரர் அறுபது வயது மனிதர், நெற்றி நிறைய விபூதி. கரண்டியால் எண்ணெயை மொண்டு ஏழுமலையின் குதிகாலில் சொட்டாக விட்டுவிட்டுக் கேட்டார்.

"சூடு தெரியுதா?"

"தெரியலீங்க."

"சரி, இன்னும் கொஞ்சம் காயட்டும். அப்பால உள்ள வுட்டுடலாம்."

நான் கத்தியது எந்த ஊர்த் தமிழ் என்று எனக்கே தெரியாது. பாய்ந்துபோய் ஏழுமலையின் முழங்காலைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். தவலை ஆடி எண்ணெய் தரையில் சிந்தியது. ரயில்வே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் காலரைப் பிடித்துத் தூக்கினார். தனகோட்டியின் தம்பி கலியபெருமாள் அவர்.

"யார்ரா நீ?"

"டேய் வுடுடா, அது மிசின் சாரு!" என்று தனகோட்டி ஓடிவந்தார்.

காலருக்குள் கழுத்து மாட்டியிருக்கும்போதே அந்தப் பாதத்தைத் தொட்டேன். கெண்டைக்காலின் பாதி வரை சூடு, அதற்குக் கீழே சில்லிட்டுப் போயிருந்தது. மெழுகு நிறம். குதிகாலில் ஒத்தடம் கொடுத்த இடத்தில் பெரிய கொப்புளம். நாடி இல்லை. "விரலை அசைங்க" என்றேன். கட்டைவிரல் மெதுவாக ஒரு தரம் ஆடியது. கால் இன்னும் சாகவில்லை.

எண்ணெய்க்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் சுண்டுவிரலைத் தவலைக்குள் விட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "அவரு போதும்னு சொல்லலியே" என்றார், முகம் வெளுத்துப்போய். பிறகு அவரே முன்னால் நடந்து நாலு தெரு தள்ளி இருந்த நர்சிங் ஹோமுக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டார்.

அங்கே இருந்த டாக்டர் பட்டாளத்தில் சர்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் பையில் இருந்த பலூன் குழாயைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. பட்டாளத்தில் இருந்தபோது நாலைந்து தடவை செய்திருக்கிறாராம். மெட்ராஸுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். "போகலாம். கால் வழியிலேயே இறங்கிடும்" என்றார்.

இடுப்புக்குக் கீழே மரப்பு ஊசி மட்டும் போட்டு, பழைய தழும்பின் மேலேயே தொடையைத் திறந்தார். நான் கூட நின்றேன். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நுனியில் பலூனை ஊதி, மெதுவாக இழுத்தார். விரல் நீளத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. மறுபடி விட்டு இழுத்தார், இன்னொன்று. தையல் போட்டு முடித்தபோது பாதம் சிவக்கத் தொடங்கியிருந்தது. எனக்குக் கண்ணீர் முட்டியது. "எனக்கு நர்ஸ் பத்தாது. அரை மணிக்கு ஒரு வாட்டி நீங்களே காலைப் பாத்து எழுதுங்க" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை டாக்டர் என்னிடம் கொடுத்தார்.

இரண்டு மணி, இரண்டரை, மூன்று, மூன்றரை. ஒவ்வொரு தடவையும் தொட்டேன், எழுதினேன். தனகோட்டி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் தொட்டு முடித்ததும் அவரும் எழுந்து தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் நேரம் இரண்டு நிமிடம், அதில் அவர் செய்வது இது ஒன்றுதான். கலியபெருமாள் வாங்கி வந்த பரோட்டாவை நான் மூன்று பங்கு சாப்பிட்டேன். பயம் போனதும் பசி திரும்பிவிட்டது.

நாலு மணிக்குக் கையை வைத்தேன். சூடாகத்தான் இருந்தது. எழுதி முடித்துப் பேனா மூடியை மாட்டினேன். தனகோட்டி தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"சார், விரல் பக்கம் வேற மாரி கீது."

"இப்பதான் பார்த்தேன் அக்கா, நல்லா இருக்கு."

"மேல நல்லாத்தான் கீது. விரலாண்ட தொடுங்க."

தொட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பேனா மூடியைத் திறந்து மூடினேன். தனகோட்டி கணவரின் இடது பாதத்தில் ஒரு கையும் வலது பாதத்தில் ஒரு கையுமாக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "இது அது மாரி இல்ல. டாக்டரைக் கூப்புடுங்க, ஜல்தி."

டாக்டர் வந்து விரல்களை அழுத்திப் பார்த்து, கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். தனகோட்டி சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு சார்."

"என்னிக்கு?"

"மெட்ராஸுல. ரெண்டாம் நாளு, ரெண்டு மணிக்கு உள்ள வுட்டாங்களே. தொட்டு கண்ணுல ஒத்திக்கினப்ப இந்தக் காலு மட்டும் ஐஸ் மாரி இருந்துச்சு. சொல்லலாம்னு உங்களைப் பாத்தேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க. அதைத்தான் எழுதுறீங்கனு நெனச்சேன்."

எத்தனையோ சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தக் கதவுக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"இல்ல அக்கா. அன்னிக்கு நான் தொடவே இல்ல. தொடாமலே சூடா இருக்குன்னு எழுதினேன். ரத்தம் போற குழாய் மடங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பார்த்தேன். யாருகிட்டயும் சொல்லல. இந்தக் கால் இப்படி ஆனதுக்கு அது காரணமா இருக்கலாம்."

கலியபெருமாளின் கை மறுபடி என் சட்டைக்கு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தனகோட்டி என்னை நேராகப் பார்த்தார். திட்டவில்லை, அழவும் இல்லை. என் கக்கத்தில் இருந்த நோட்டை உருவி எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தம்பியிடம் நீட்டினார்.

"இப்ப இன்னா எழுதியிருக்காருனு படிடா."

கலியபெருமாள் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு மணி, சூடு உண்டு. இரண்டரை, சூடு உண்டு. கடைசி வரியில் நிறுத்தினார்.

"இன்னாடா?"

"நாலு மணி. சூடு உண்டு, விரல்கள் நன்றாக உள்ளனனு எழுதியிருக்காருக்கா."

அதை எழுதும்போது விரல்களை நான் தொட்டிருக்கவில்லை. பாதத்தின் மேல்பக்கம் ஒரு கணம் கையை வைத்துவிட்டு, மூன்றரைக்கு எழுதியதை அப்படியே திருப்பி எழுதியிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரண்டாம் முறை இன்னும் ஒரு கட்டி வந்தது, சின்னது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் முன்பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் தனகோட்டியைக் காட்டினேன். அன்று முதல் நோட்டு கலியபெருமாள் கையில். தனகோட்டி தொட்டுச் சொல்வார், அவர் தன் ரயில்வே கையெழுத்தில் எழுதுவார். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சோறு வந்தபோது எனக்கும் ஒரு இலை போட்டார்கள். தனகோட்டியே பரிமாறினார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அப்படியே போயிற்று. ஏழுமலைக்கு நடந்தது எதுவும் தெரியாது. விழித்திருந்த நேரமெல்லாம் என்னிடம் மலேசியாவில் மல்லாட்டை விளையுமா, மாடு உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டும்போது அவர் "ஐயோ, எரியுது!" என்று அலறினார். வார்டில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மெட்ராஸுக்குத் திரும்ப வேண்டும். தலைமை டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னால் வேலை இருக்குமோ இருக்காதோ, ஈப்போவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்குமோ என்னவோ. பையை எடுத்துக்கொண்டு, யாரிடம் எப்படி விடைபெறுவது என்று தெரியாமல் வாசல் வரை போய்விட்டேன்.

"சார்" என்றார் தனகோட்டி. "மணி பத்து ஆவுது. பாத்துட்டுப் போங்க."

பையை வைத்துவிட்டு வந்தேன். போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களிலும் இரண்டு கைகளையும் வைத்தேன். விரல் விரலாகத் தொட்டேன். ஒவ்வொரு நகத்தையும் அழுத்தி விட்டுச் சிவப்பு திரும்பும் வரை காத்திருந்தேன். கணுக்காலுக்குக் கீழே நாடியைத் தேடினேன். அது என் விரல் நுனியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் நான் எந்தக் காலையும் தொட்டதில்லை.

"சூடா இருக்கு அக்கா. அஞ்சு விரலும்."

தனகோட்டி என்னை நகரச் சொல்லிவிட்டு, தானும் கையை வைத்துப் பார்த்தார். நிதானமாக, சுண்டுவிரல் வரைக்கும். பிறகு கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாரு சொன்னதை எழுதிக்கோடா."